செவ்வாயின் மூலையில் சில வெடிப்புகள்

ஏழாங்கட்டைத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒரு போட்டிக்காகச் செய்த செவ்வாய் கிரக வண்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. நேராகப் போகச் சொன்னாலும் அது வலது பக்கமாகவே போகும்.

குகன் அதை மூன்று முறை பிரித்து மாட்டிவிட்டான். சக்கரங்களை மாற்றினான். கம்பிகளை மாற்றினான். ஒரு முறை மாட்டி முடித்த பிறகு இரண்டு திருகாணிகள் மிச்சம் இருந்தன. வண்டி அப்போதும் வலது பக்கமாகவே போனது.

"பரவால்ல லா," என்றான் யுவனேஸ்வரன். "நான் கொஞ்சம் இடது பக்கம் பிடிச்சு ஓட்டுறேன். நேரா போயிடும்."

யுவன்தான் ஓட்டுநர். ரிமோட் எப்போதும் அவன் கையில் இருக்கும். குகன் பழுது பார்ப்பவன். மூன்றாவது ஆள் ரூபினி. மூவரும் ஐந்தாம் ஆண்டில் படித்தார்கள்.

ரூபினியின் வேலை படம் பார்ப்பது.

"படம் பாக்கிறதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று யுவன் முதல் நாளே கேட்டுவிட்டான்.

அறிவியல் ஆசிரியர் சேது சார் சிரித்தார். "செவ்வாய் கிரகத்துல வண்டிக்குள்ள ஆள் உக்காந்து ஓட்டுறாங்களா?"

"இல்ல சார்."

"வண்டி படம் எடுத்து அனுப்பும். பூமியில உள்ளவங்க அதைப் பார்த்துட்டுத்தான் அடுத்து எங்க போகணும்னு சொல்வாங்க. படம் இங்க வந்து சேரவே சில சமயம் மூணு நிமிசம் ஆகும், சில சமயம் இருபது நிமிசத்துக்கு மேல ஆகும். நாம சொல்றது திரும்பப் போய்ச் சேரவும் அதே நேரம்."

"அதுக்குள்ள வண்டி பள்ளத்துல விழுந்துட்டா?"

"பள்ளத்துல விழுந்த படம் வரும்," என்றார் சேது சார்.

குகன் விழுந்து விழுந்து சிரித்தான். யுவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு வண்டிகள் வேகமாகப் போக வேண்டும்.

செவ்வாயில் இப்போது ஆறுகள் ஓடவில்லை. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஓடியிருக்கின்றன. அதற்கான அடையாளங்களைத்தான் அங்கே போன ஊர்திகள் தேடுகின்றன. தண்ணீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள், அடுக்கடுக்காகப் படிந்த சேறு, தண்ணீர் வற்றிய பிறகு மிஞ்சிய உப்பு, காய்ந்து வெடித்த மண் என்று அவற்றின் படங்களை எல்லாம் சேது சார் திரையில் காட்டினார்.

பிறகு மூவருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். மழை பெய்து காய்ந்த பிறகு, தண்ணீர் இருந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரைய வேண்டும்.

யுவன் ஒரு வட்டம் வரைந்து 'குட்டை' என்று எழுதினான். குகன் தவளை வரைந்தான். ரூபினி பதினேழு பக்கம் வரைந்தாள்.

செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்சடக்கில் லோரி டயர் பதித்த பள்ளங்களை வரைந்தாள். அவற்றில் நின்ற தண்ணீர் வற்றும்போது மண் முதலில் வழவழப்பாகும். பிறகு வலை போல வெடிக்கும். பிறகு ஒவ்வொரு துண்டின் ஓரமும் அப்பளம் மாதிரி மேலே சுருளும். வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் சொட்டிச் சொட்டி விழுந்த குழிகளையும் வரைந்தாள்.

"இவ்வளவு எதுக்கு?" என்று கேட்டான் யுவன்.

"தெரியல. பாத்துக்கிட்டே இருந்தேன். நேரம் போனதே தெரியல," என்றாள் ரூபினி.

போட்டி ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. கோலா சிலாங்கூர் பட்டணத்துக்கு வெளியே இருந்த ஒரு பழைய மண்டபத்துக்கு ஆறு தமிழ்ப்பள்ளிகள் வந்திருந்தன.

மண்டபத்தின் நடுவில் செவ்வாய் இருந்தது. ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். செம்மண் கொட்டிப் பரப்பி, ஆங்காங்கே கற்கள் வைத்து, ஒரு பக்கம் அட்டையில் பெரிய மலை செய்து வைத்திருந்தார்கள். மலைக்குப் பின்னால், சுவரோரமாக, பார்வையாளர்களுக்கு நாற்காலிகள் போட்டிருந்தன. முன் வரிசையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பதிமூன்று பேர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போட்டியாளர்கள் செவ்வாயைப் பார்க்க முடியாது. அவர்களுக்கு முன்னால் ஒரு கறுப்புத் திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி. அவ்வளவுதான்.

தலைமை நடுவர் முனைவர் கங்கா விதிகளைச் சொன்னார். அவர் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் கல்லையும் பற்றிப் பாடம் நடத்துபவர்.

"உங்க வண்டி ஒரு படம் அனுப்பும். அதுக்கப்புறம் ரெண்டு நிமிசம் காத்திருக்கணும். மணி அடிச்சதும் அஞ்சு வினாடி வண்டியை ஓட்டலாம். மறுபடி ஒரு படம். மொத்தம் பதினோரு முறைதான் நகர்த்தலாம். முன்பு நீர் இருந்ததற்கான அடையாளம் மூணு இடத்துல இருக்கு. அதைக் கண்டுபிடிச்சு, காரணத்தோட எழுதணும். சரியா இருந்தா பத்துப் புள்ளி. தப்பா இருந்தா அஞ்சு புள்ளி கழியும்."

"முதல் ரெண்டு குழு ஷா ஆலமுக்குப் போகும்," என்று அவர் சொன்னதும் மண்டபம் முழுவதும் சலசலத்தது. ஷா ஆலமில்தான் மாநிலப் போட்டி.

ஏழாங்கட்டைத் தோட்டப் பள்ளி கடைசியாக அழைக்கப்பட்டது.

அவர்களுடைய வண்டியின் தலையில் குகனுடைய அக்காவின் பழைய கைத்தொலைபேசியைக் கட்டியிருந்தார்கள். படம் எடுக்கும் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்ததால்தான் அக்கா அதைக் கொடுத்தார்.

முதல் படம் வந்தது. மணல் அலை அலையாக இருந்தது.

"அலை!" என்று யுவன் எழுந்துவிட்டான். "எழுது ரூபினி! தண்ணிதான்!"

ரூபினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "காத்தும் இப்படிப் பண்ணும் யுவா. நம்ம பள்ளியில நீளம் தாண்டுற மணல் குழி இருக்குல்ல, காத்தடிச்சா அதுலயும் இப்படி வரும். இதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது."

யுவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். மணி அடித்தது. ஓட்டினான்.

இரண்டாவது படத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது படத்திலும் ஒன்றும் இல்லை. நான்காவது படத்தில் கற்கள் இருந்தன. சில கூர்மையானவை, சில உருண்டையானவை. உருண்டையானவை எல்லாம் ஒரு கோட்டில் சேர்ந்து கிடந்தன.

"இது ஆத்துல உருண்ட கல்," என்றாள் ரூபினி. எழுதிக்கொண்டாள்.

ஐந்தாவது நகர்வில் ஒரு சக்கரம் மணலில் புதைந்தது. சக்கரம் புதைந்த படம் வந்தது. அதைப் பார்த்தபடி மூவரும் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். யுவன் நகத்தைக் கடித்தான்.

"முன்னால போகாத, இன்னும் புதையும்," என்றான் குகன். "பின்னால எடு. மெதுவா."

வண்டி வெளியே வந்தது. ஆனால் அதற்குள் இரண்டு நகர்வுகள் செலவாகிவிட்டன.

எட்டாவது படத்தில் அடுக்கு அடுக்காகப் படிந்த களிமண் தெரிந்தது. அடுக்கிய தோசைகளை வெட்டி வைத்தது போல இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ரூபினி இரண்டாவது இடத்தையும் எழுதினாள்.

ஒன்பதாவது படம் வந்தபோதுதான் சண்டை தொடங்கியது.

படத்தின் இடது ஓரத்தில், தூரத்தில், ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

"உப்பு!" என்றான் யுவன். "மூணாவது இடம் அதுதான். இன்னும் மூணு முறை இருக்கு. இடது பக்கம் போனா சரியா போய்ச் சேரலாம்."

ரூபினி வெள்ளையைப் பார்க்கவில்லை. வலது பக்கம், அட்டை மலையின் அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மயிரிழை போலச் சில கோடுகள் தெரிந்தன.

"இது என்னன்னு பாரேன்," என்றாள்.

"அது போன் கண்ணாடியில இருக்கிற கீறல் லா."

ரூபினி பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "கீறல் எல்லாப் படத்துலயும் மேல, இடது மூலையில இருக்கு பாரு. இதுலயும் அங்கதான் இருக்கு. இந்தக் கோடு கீழ இருக்கு. வலது பக்கம். வேற எந்தப் படத்துலயும் இல்ல. அப்ப இது தரையிலதான் இருக்கு."

யுவன் படங்களைப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அவனுக்கு மனம் வரவில்லை.

"வெள்ளை நல்லாத் தெரியுது ரூபினி. அதை விட்டுட்டு யாராவது ரெண்டு கோட்டுக்குப் பின்னால போவாங்களா?"

"வெள்ளையா இருக்கிறது உப்புன்னு எப்படித் தெரியும்? சுண்ணாம்பாகூட இருக்கலாம். மண்ணு இப்படி வெடிச்சதை நான் பாத்திருக்கேன். ஈரம் இருந்து காஞ்சாத்தான் இப்படி வெடிக்கும்."

"அது வெடிப்புன்னே இன்னும் தெரியல."

"அதான் போய்ப் பாக்கணும்ங்கிறேன்."

இருவரும் குகனைப் பார்த்தார்கள். குகன் காதைச் சொறிந்துகொண்டான். அவனுக்குச் சண்டை பிடிக்காது.

"வண்டி எப்படியும் வலது பக்கம்தான் போகும்," என்றான் கடைசியில். "அதுக்குப் பிடிச்ச பக்கம் போகட்டுமே."

யுவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மணி அடித்தது. அவன் ரிமோட்டை வலது பக்கம் அழுத்தினான்.

பதினோராவது படத்தில் அது முழுதாகத் தெரிந்தது. மலைக்குப் பின்னால், மூலையில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மண் வழவழப்பாக இருந்தது. வலை போல வெடித்திருந்தது. துண்டுகளின் ஓரம் மேலே சுருண்டிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகள்.

ரூபினி இரண்டு நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி நகர்வில் வண்டியைக் கொஞ்சம் அருகே கொண்டுபோகச் சொல்லி இன்னொரு படம் எடுத்தாள். பிறகு மூன்றாவது இடத்தை எழுதினாள்.

மதிய உணவுக்கு முன்னால் முனைவர் கங்கா ஒவ்வொரு குழுவாக அழைத்து விடைத்தாளைப் படித்தார். புள்ளிகளை வெள்ளைப் பலகையில் எழுதினார்.

ரவாங்கிலிருந்து வந்த பள்ளி மூன்று இடங்களையும் கண்டுபிடித்துவிட்டது. முப்பது புள்ளி. கோலா குபு பாருவிலிருந்து வந்த பள்ளிக்கு இரண்டு இடம் சரி, மணல் அலை தவறு. பதினைந்து புள்ளி. அந்த அலைகளை உண்டாக்கியது மேசைக் காத்தாடியாம். மற்ற மூன்று பள்ளிகளுக்கும் அதைவிடக் குறைவு.

ஏழாங்கட்டை கடைசி. முனைவர் கங்கா தாளைப் படித்தார். முதல் இடத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவது இடத்துக்கும் தலையாட்டினார். மூன்றாவதைப் படித்ததும் அவருடைய புருவம் சுருங்கியது. தம்மிடமிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"எல்லாக் குழுகிட்டயும் கேட்ட கேள்விதான்," என்றார். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, வேணும்னா ஒரு பதிலை எடுத்துடலாம். எடுத்தா புள்ளியும் கிடையாது, கழிக்கவும் மாட்டோம். எதையாவது எடுக்கணுமா?"

மூவருக்கும் புரிந்துவிட்டது. மூன்றாவது இடம் அவருடைய வரைபடத்தில் இல்லை.

யுவன் பலகையைப் பார்த்தான். மனக்கணக்குப் போட அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மூன்றாவதை எடுத்துவிட்டால் இருபது புள்ளி. இரண்டாவது இடம். ஷா ஆலம். எடுக்காவிட்டால் பதினைந்து. கோலா குபு பாருவும் பதினைந்து, ஆனால் அவர்கள் பத்தே நகர்வில் முடித்தவர்கள். புள்ளி சமமானால், குறைவாக நகர்த்தியவர்கள்தான் போவார்கள்.

"அடிச்சிடு லா ரூபினி," என்று காதருகே கிசுகிசுத்தான். "இருபது போதும்."

ரூபினி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் உள்ள எல்லோரும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. ஷா ஆலமுக்குப் போக அவளுக்கும் ஆசைதான். போன வாரமே அம்மாவிடம் சொல்லி, புதுக் காலுறை வாங்கி வைத்திருந்தாள்.

அவள் மடிக்கணினியைத் திறந்து அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். வெடிப்பு இருந்தது. குழிகள் இருந்தன.

"யுவா," என்றாள். "நாம அடிச்சிட்டா, அங்க தண்ணி இல்லன்னு ஆயிடுமா?"

யுவன் மடிக்கணினிப் பக்கம் குனிந்தான். படத்தைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"ஆகாது," என்றான். "சரி, கையெழுத்துப் போடு."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முனைவர் கங்கா தாளை வாங்கிக்கொண்டார். "அந்த மூலையில நாங்க எதையுமே வைக்கலயே மா. அந்தப் பக்கம் வேற எந்த வண்டியும்கூடப் போகல," என்றார். குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"நீங்க வைக்கலன்னா வேற யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க டீச்சர்," என்றாள் ரூபினி. "இல்ல... ஊத்தல. ஊத்தியிருந்தா ஒரே பள்ளமா இருக்கும். இது சுத்திலும் துளித் துளியா குழி விழுந்திருக்கு. எங்க வீட்டுல தகரத்துக்குக் கீழ இப்படித்தான் இருக்கும். இது மேலருந்து சொட்டின தண்ணி."

முனைவர் கங்கா படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து, மலைக்குப் பின்னால் நடந்தார். மூவரும் பின்னாலேயே போனார்கள். சேது சாரும் வந்தார்.

அவர் மண்டியிட்டு, சுருண்டிருந்த ஒரு மண் துண்டை விரலால் எடுத்தார். அது பிஸ்கட் போல உடைந்தது.

"இது நிஜம்," என்றார். "மண்ணு கொட்டி ரெண்டு வாரம் ஆச்சு. போன வாரம் பெருமழை பெஞ்சுது இல்ல?"

எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

சீலிங் பலகையில் தேநீர் கொட்டியது போல ஒரு பழுப்பு வட்டம். அந்த வட்டத்திலிருந்து சுவர் வரைக்கும் பலகை உப்பி, கீழ்நோக்கித் தொங்கியது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜாகா உடையப்பன் அவசரமாக வந்தார். "என்ன, என்ன? எங்க ஒழுகுது? இந்த டேவான்ல ஒரு சொட்டு ஒழுகாது. போன வருசம்தான் பெயிண்டு அடிச்சோம்."

"பெயிண்டு அடிச்சா ஒழுகாதா அங்கிள்?" என்று குகன் கேட்டான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். உடையப்பன் அவனை முறைத்தார்.

ரூபினி உப்பிய பலகையைப் பார்த்தாள். பிறகு அதற்கு நேர் கீழே பார்த்தாள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் நெகிழிப் பையிலிருந்து மைலோ உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"டீச்சர்," என்றாள். "அவங்க தலைக்கு மேலதான் பலகை தொங்குது."

முனைவர் கங்கா நிமிர்ந்து பார்த்தார். "சார், பிள்ளைங்களை எழுப்புங்க. இப்பவே," என்றார்.

சேது சார் பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பினார். யுவனும் குகனும் ஆளுக்கு இரண்டு பேரை இழுத்துப் போனார்கள். எல்லோரையும் மண்டபத்தின் மறுபக்கத்தில் உட்கார வைத்தார்கள். ரூபினி வரிசையை எண்ணிப் பார்த்தாள். பதிமூன்று பேரும் இருந்தார்கள்.

"சும்மா பயப்படுறீங்க," என்றார் உடையப்பன். "கல்லு மாதிரி இருக்கும். பாருங்க."

அவர் தள்ளி நின்று, நீண்ட ஒட்டடைக் கம்பின் நுனியால் பலகையை இலேசாகத் தட்டினார்.

பலகை விழுந்தது. பெரிய சத்தம். தூசி, ஈரம் ஊறிய குப்பை, ஒரு பழைய குருவிக் கூடு எல்லாம் சேர்ந்து விழுந்தன. அவற்றோடு பதினொரு பூப்பந்துகளும் விழுந்தன. எத்தனை வருடத்துப் பூப்பந்துகளோ. மூன்று நாற்காலிகள் கவிழ்ந்தன. ஒன்றின் கால் முறிந்தது.

தூசி மெல்ல அடங்கியது.

"அது என் நாற்காலி," என்றான் மைலோ குடித்த பையன்.

உடையப்பனின் முகம் வெளுத்திருந்தது. கம்பைக் கீழே வைத்தார். "பெயிண்டு மட்டும்தான் அடிச்சோம்," என்றார் மெதுவாக.

அதன் பிறகு நடுவர்கள் மூன்று பேரும் ஒரு மூலையில் நின்று வெகுநேரம் பேசினார்கள். முனைவர் கங்கா விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"விதியில 'முன்பு நீர் இருந்ததற்கான அடையாளம்'னு இருக்கு," என்றார். "'நடுவர்கள் வைத்த அடையாளம்'னு இல்ல. எழுதினது நான்தான். அதனால எனக்கு நல்லாவே தெரியும்."

அவர் பலகையில் 'ஏழாங்கட்டை' என்று எழுதி, பக்கத்தில் 'முப்பது' என்று எழுதினார்.

யுவன் துள்ளிக் குதித்தான். குகன் வண்டியைத் தூக்கி முத்தம் கொடுத்தான். அதிலிருந்து ஒரு திருகாணி விழுந்து உருண்டது.

கோலா குபு பாருக் குழுவின் தலைவி முறிந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷா ஆலம் அவர்கள் கைக்கு வந்து நழுவிவிட்டது. ரூபினி அவளிடம் போனாள்.

"அந்த வெடிப்பு இன்னும் இருக்கா?" என்று அந்தப் பெண்ணே கேட்டாள். "நான் பாக்கலாமா?"

"வா," என்றாள் ரூபினி.

இருவரும் மூலையில் குந்தி உட்கார்ந்தார்கள். பாதியைப் பலகை மூடியிருந்தது. மீதியில் குழிகள் அப்படியே இருந்தன. அந்தப் பெண் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். "முப்பத்தொண்ணு," என்றாள். ரூபினி முப்பத்திரண்டு என்றாள். இருவரும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள்.

மதியம் எல்லோருக்கும் மீகூன் கொடுத்தார்கள். ரூபினி பாதி சாப்பிட்டிருந்தபோது உடையப்பன் வந்து எதிரில் நின்றார். கையில் ஒரு சுண்ணக்கட்டி இருந்தது.

"தங்கச்சி, சாப்பிட்டு முடிச்சதும் ஒரு உதவி," என்றார். "இன்னும் எங்கெங்க ஒழுகியிருக்குன்னு தரையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மேஸ்திரியைக் கூப்பிட்டா இடத்தைக் காட்டணும்."

"இங்க மண் இல்லையே அங்கிள். சிமெண்டுத் தரைதானே?"

"அதான் உன்னைக் கேக்கிறேன்."

மூவரும் கை கழுவிவிட்டுத் தேடினார்கள். சிமெண்டுத் தரையிலும் தண்ணீர் எதையாவது விட்டுவிட்டுத்தான் போயிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் வெளிர் வளையம் ஒன்று. வாசலருகே தரையில் பச்சைப் பாசி. ஓர் இடத்தில் நாற்காலிக் காலின் துரு தரையில் படிந்திருந்தது. யுவன்தான் அதைக் கண்டுபிடித்தான். குனிந்து, கன்னம் தரையில் படும் அளவுக்குப் பார்த்துவிட்டு, "ரூபினி, இங்க வா, ஓடாத, மெதுவா வா," என்று கத்தினான்.

நான்காவது இடத்தில் ரூபினிக்கே சந்தேகம் இருந்தது. தரை கொஞ்சம் நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

"இருக்கலாம்," என்றாள். "உறுதியாச் சொல்ல முடியாது."

உடையப்பன் நான்கு வட்டம் போட்டார். நான்கு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. சேது சார் வேனை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்தார்.

"ஏறுங்க, ஏறுங்க! ரோட்டுல தண்ணி ஏறிடும்!"

யாரும் ஏறவில்லை. மூவரும் மண்டபத்துக்குள் நின்று வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடையப்பனும் நின்றார்.

மேடைப் பக்கத்து வாளியில் சொட்டு விழுந்தது. வாசல் வாளியில் விழுந்தது. யுவனுடைய வாளியில் இரண்டு சொட்டு சேர்ந்தே விழுந்தது. அவன் கையைத் தூக்கி ஆடினான்.

நான்காவது வாளியில் ஒன்றும் விழவில்லை.

சேது சார் மறுபடி ஹாரன் அடித்தார். "பிள்ளைங்களா!"

"ஒரு நிமிசம் சார்!" என்று மூவரும் சேர்ந்து கத்தினார்கள்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. நான்காவது வாளியில் 'டொக்' என்றது.

மூவரும் வேனுக்கு ஓடினார்கள்.